மஞ்சள் முதுகு

ஏற்றுமதிச் சரக்கு ஏறிப்போய்விட்டால் மண்ணரையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு டூர் போவது வழக்கம். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாடகைக் கட்டடம், கொஞ்சம் தையல் மிஷின்; ஓனர், சூப்பர்வைசர், டீ வாங்கப் போகிற ஆள் எல்லாம் நானே. டூர் போகிறவர்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். யாரும் தொலைந்துவிடக் கூடாதல்லவா. அந்த முறை தனியாகத் தைக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் வேண்டாமென்று தள்ளிய மஞ்சள் பனியன், முதுகில் பெரிய வெள்ளை நட்சத்திரத்தோடு, மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை, கழித்த சரக்கை மொத்தமாக வாங்கி விற்கிற லாட்டு வியாபாரியின் தலையில் கட்டினேன். யு.கே.ஜி. படித்த என் மகளுக்கும் சின்ன சைஸில் ஒன்று.

"கூட்டத்துல இந்த ஸ்டாரப் பாத்துட்டே வரோணும் கண்ணு" என்று பாடம் வேறு நடத்தினேன்.

அந்த முறை போனது திருவனந்தபுரம். அங்கே மிருகக்காட்சிசாலையும் தாவரத் தோட்டமும் ஒரே வளாகத்தில். ராஜா காலத்து இடம். மிருகங்களைவிட மரங்கள்தான் என்னை அசத்தின. அப்படி ஒரு நிழலை எங்கள் ஊர்ப் பக்கம் பார்க்க முடியாது. நீர்யானைத் தொட்டியருகே ஒரே நெரிசல். அது வாயைத் திறப்பதைப் பிடிக்க வேண்டுமென்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். திறந்தது. ஃபோனை இறக்கினால் மகளைக் காணோம்.

"ஏனுங்க, பாப்பா உங்ககூடத்தானுங்களே இருந்தா?" என்றாள் மனைவி.

முதலில் பயமே இல்லை. மஞ்சளைத் தேடினால் போதுமே. நிமிர்ந்து பார்த்தேன். குரங்குக் கூண்டருகே மஞ்சள். பாம்பு வீட்டு வரிசையில் மஞ்சள். ஓடிப்போய் ஒருவரின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "ஈரோட்டுல இருந்து வந்திருக்கோமுங்க, நீங்களும் லாட்டுல எடுத்ததுங்களா?" என்று சிரித்தார். நான் விற்ற பனியன் எனக்கு முன்னாலேயே டூர் வந்திருந்தது.

காவலர் குழந்தையின் அடையாளம் கேட்டார். மஞ்சள் பனியன், முதுகில் நட்சத்திரம் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார், அப்புறம் என் பனியனைப் பார்த்தார். மைக்கில் சொன்னதும் நல்ல மனசுக்காரர்கள் ஆளுக்கொரு மஞ்சள் குழந்தையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு பையன், பிறகு என் முகத்தைக் கண்டதும் வீறிட்ட ஒரு பெண்பிள்ளை. என்னால் கோபப்படவும் முடியவில்லை. கம்பெனியில் ஆட்களை வேலை வாங்குகிறவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன். மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் தோட்டத்தின் மறுகோடியில், ஒரு பெரிய மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. பெருக்குகிற அம்மா ஒருவர் துணைக்கு உட்கார்ந்திருந்தார். அள்ளித் தூக்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

"எங்க கண்ணு போன?"

"உங்க பின்னாடிதான் வந்தேன். செருப்பு கழண்டுருச்சு. நில்லுங்கப்பான்னு கத்துனேன். நீங்க வேன்ல ஏறிப் போயிட்டீங்க."

"அது அப்பா இல்ல சாமி, வேற யாரோ."

"ஸ்டார் இருந்துச்சு. நீங்க திரும்பியே பாக்கல."

இப்போது மூன்றாம் வகுப்பு. இன்னமும் கோபம் வந்தால் அதைத்தான் சொல்கிறாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன வாரம் பழைய ஃபோனைத் தேடியெடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "பாரு, அந்நேரம் அப்பா இங்கதான் நின்னு படம் புடிச்சுட்டு இருந்தேன்."

முழுவதையும் பார்த்தாள். நீர்யானை வாயைத் திறக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்னக் குரல், "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே தூரமாகப் போகிறது. படம் கொஞ்சமும் அசையவில்லை.

எந்தப் பிள்ளையோ என்கிறாள் மனைவி. மகள் ஃபோனை என் கையில் கொடுத்தாள்.

"கேட்டுச்சுங்களாப்பா?" என்றாள்.