பதினாறு ஜிபியும் ஒரு பிடி நாற்றும்

பெரிய மென்பொருள் எதையும் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால், அது நம்மிடம் என்னென்ன எதிர்பார்க்கிறது என்று சொல்லும் ஆவணம் ஒன்றைப் படிக்க வேண்டும். சிஸ்டம் ரிக்வயர்மெண்ட்ஸ் என்று பெயர். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார்கூட அத்தனை கேட்கமாட்டார்கள். நினைவகம் பதினாறு ஜிபி வேண்டும். ஜாவா குறிப்பிட்ட ஒரே ஒரு பதிப்புதான் வேண்டும், அதற்கு முந்தியதும் ஆகாது, பிந்தியதும் ஆகாது. கணினியின் பெயரில் கோடு வரக்கூடாது, கோப்புறையின் பெயரில் இடைவெளி வரக்கூடாது. இதற்கு முன் எதையும் நிறுவியிராத சுத்தமான கணினியாக இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் அந்த ஜாவா சர்வர் நம் வீட்டில் கால் வைக்கும்.

நான் சென்னையில் இப்படி மென்பொருள் ஏற்றும் வேலையைச் செய்தவள்தான். பிள்ளையின் படிப்புக்காகத் தஞ்சாவூருக்கே திரும்பி வந்த பிறகு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் சேர்ந்தேன். விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் கம்பெனி அது. உறுப்பினர்களின் நெல்லை வாங்கி அரைத்து விற்கிறது. அங்கே வயர் போகிற எதுவும் என் பொறுப்பு. மேனேஜரின் செல்போனில் வாட்ஸ்அப் திறக்கவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முந்தைய வருஷ சம்பா அறுவடையில் ஆலைக் களத்தில் பெரிய ரகளை நடந்தது. முதல் நாளே வந்த நெல் மூலையில் கிடக்க, கம்பெனியை நடத்தும் கமிட்டியில் ஆள் தெரிந்தவரின் டிராக்டர் நேராக எடை மேடைக்குப் போனது. அதனால் இந்த வருஷம் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. கணினி கொடுக்கிற டோக்கன் இல்லாமல் ஒரு சிப்பம் நெல்கூட எடை போடக்கூடாது. ஈரம் பார்க்கிற கருவியையும் அதிலேயே இணைத்துவிட வேண்டும், எண்ணை யாரும் கையால் அடிக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்த சர்வர்.

தீர்மானத்தைக் கேட்டு அதிகம் சந்தோஷப்பட்டவர், குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்யும் ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயசிருக்கும். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிற ஒரே பெண். முந்தைய வருஷம் மூலையில் கிடந்தது அவருடைய நெல்தான்.

“நம்பர் வந்துட்டா மூஞ்சியப் பாத்து எடை போட முடியாதுல்ல தங்கச்சி? அது போதும்” என்றார்.

பொங்கல் கழிந்து அறுவடை மிஷின்கள் வயலில் இறங்கின. முன்பெல்லாம் ஆள் வைத்து அறுக்கும்போது நெல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். மிஷின் ஒரே மூச்சில் அத்தனையையும் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அக்காவின் நெல்தான் முதலில் வந்து களத்தில் குவிந்தது. நன்றாகக் காய்ந்த, மணி மணியான நெல். சர்வர்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதல் சண்டை பதினாறு ஜிபிக்காக. சர்வருக்காக வாங்கிய கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே எட்டுதான் இருந்தது. மேனேஜர் தங்கமான மனுஷர். பத்து ஏக்கர் சொந்தச் சாகுபடி உள்ளவர். எனக்கு ஒரு அவசரம் என்றால் தன் பைக்கையே கொடுத்து அனுப்புவார். ஆனால் மென்பொருளையும் வயல் வரப்பில் நின்றுதான் பார்ப்பார்.

“பதினாறையும் ஒரே தடவையில எதுக்கும்மா கொட்டணும்? இப்ப எட்டு போட்டு ஆரம்பிங்க. பயிரு எப்படி வருதுன்னு பாத்துட்டு மேலுரமா மிச்சத்தப் போட்டுக்கலாம்.”

“சார், இது யூரியா இல்ல. பதினாறு இல்லன்னா முளைக்கவே முளைக்காது.”

“அவன் எழுதுறப்ப கூடத்தான் எழுதுவான். உரக்கடைக்காரன் சொல்ற அளவையா நாம போடுறோம்?”

நிறுவும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மென்பொருளே ஒரு சோதனை செய்யும். சரியான வரிகளைப் பச்சையிலும் தவறானதைச் சிவப்பிலும் காட்டும். அந்தச் சிவப்பு வரியைக் காட்டிக் காட்டி, தொண்டை வறண்டுபோய், கடைசியில் மீதி எட்டையும் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தேன். அடுத்த சிவப்பு ஜாவாவில் வந்தது. பெட்டி விற்றவர் பெருமையாக ஆகப் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஆவணமோ பழையதைக் கேட்டது. புதுசு இருக்கும்போது பழசை எதற்குக் கேட்கிறான் என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான இம்சை தொடங்கியது. ஒவ்வொரு வரியாகப் பச்சை விழும், கடைசிக்கு முந்திய கட்டத்தில் நின்றுவிடும். ‘தேவைகள் பூர்த்தியாகவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சிவப்பு வரி. எந்தத் தேவை என்று சொல்லித் தொலைக்காது. மென்பொருளை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினால் ஒரு தம்பி எடுப்பார்.

“மேம், ரிக்வயர்மெண்ட்ஸ் எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?”

“பண்ணியாச்சு.”

“டாக்குமெண்ட்ல எல்லாம் இருக்கு மேம். இன்னொரு தடவை செக் பண்ணிட்டு ஒரு டிக்கெட் போட்டுடுங்க.”

டிக்கெட் போட்டால், ஆவணத்தைப் படிக்கவும் என்று பதில் வரும், கூடவே அதே ஆவணமும் வரும். இதையே கிளிப்பிள்ளை மாதிரி எத்தனை தடவைதான் கேட்பது. போனைத் தூக்கி அவித்த நெல் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்றிருந்தது.

இதற்கிடையில் அக்கா காலையிலும் சாயங்காலமும் என் ஜன்னலுக்கு வருவார். முதலில் சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு சிரிப்பில்லாமல் வந்தார்.

“என்னா தங்கச்சி, எந்திரிச்சிருச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“கெழக்கேருந்து ஈரக்காத்து அடிக்கிது. மழ வந்துச்சுன்னா நெல்லு என்னத்துக்கு ஆவும்? பதினேழுக்கு மேல ஈரம் போனா நீங்களே எடுக்கமாட்டீங்க. குத்தகை நெல்லு அளந்துட்டு மிச்சத்தைத்தான் நான் பாக்கணும்.”

பழையபடி கையால் ஒரு சீட்டெழுதி அவர் நெல்லையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கையைப் பிசைந்தார். ஒருத்தருக்குச் சீட்டெழுதினால் களத்தில் கிடக்கிற அத்தனை பேருக்கும் எழுத வேண்டும், தீர்மானம் போட்ட கமிட்டி சும்மா விடாது என்றார். யாருக்காகப் போட்ட தீர்மானமோ, அது அந்த அக்காவின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

கடைசியில் உதவி எண்ணில் வேறொரு தம்பி சிக்கினார். அவர் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, “மேம், இந்த மெஷின்ல இதுக்கு முன்னாடி யாராவது இன்ஸ்டால் பண்ண ஆரம்பிச்சு பாதியில நிறுத்தினாங்களா?” என்றார். புதுப் பெட்டி, என்னைத் தவிர யாரும் தொடவில்லை என்றேன். எதற்கும் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

“ஆமாம்மா. நான்தான் நாள் செஞ்சேன்” என்றார், டீயைக் கீழே வைக்காமலே.

எங்கள் பக்கம் நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் நல்ல நாளை விடமாட்டார்கள். வயலின் ஈசானிய மூலையில் ஒரு பிடி நாற்றை நட்டு வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். வேலை தொடங்கியதாகக் கணக்கு. மீதி வயலைப் பிறகு ஆள் வரும்போது நட்டுக்கொள்ளலாம். பெட்டி வந்த அன்று நான் ஒரு கல்யாணத்துக்காக அதிராம்பட்டினம் பக்கம் போயிருந்தேன். நல்ல முகூர்த்தம் கைநழுவிப் போகிறதே என்று இவர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான் எடுத்து வைத்திருந்த மென்பொருளைத் திறந்து, ‘நெக்ஸ்ட்’ என்று வந்த இடத்தையெல்லாம் அழுத்தியிருக்கிறார். சோதனைக்கு முன்னால் அது கோப்புகளைப் பிரித்து வைக்கத் தொடங்கியதுமே சூடம் காட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார். மறுநாள் வந்து அந்தப் பொங்கலை நானும்தான் சாப்பிட்டேன்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த ஒரு பிடி நாற்று உள்ளே வேர்விட்டு உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே நிறுவியிருக்கிறது என்று நினைத்து மென்பொருள் புதிதாக ஏற மறுக்கிறது. சரி, பழையதை நீக்கலாம் என்றால், முழுசாக நிறுவாததை நீக்க முடியாது என்கிறது. மொத்தப் பெட்டியையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ஒன்றுதான் வழி என்று தொலைபேசித் தம்பி சொன்னார்.

மேனேஜர் டீயை அப்போதுதான் கீழே வைத்தார்.

“நாள் செஞ்சத அழிக்கிறதாம்மா? நட்ட நாத்தை யாராவது பிடுங்குவாங்களா?”

“சார், அதாலதான் எல்லாம் நிக்குது.”

“அழிக்கணும்னா அழிப்போம். இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தசமியில நல்ல நேரம் இருக்கு, அப்ப சுத்தமா ஆரம்பிங்க.”

“வெளிய நெல்லு கெடக்கு சார்.”

“மானம் வெளுத்துதானேம்மா இருக்கு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை. கெட்டது நினைத்துச் செய்தவராக இருந்தால் திட்டியிருப்பேன். அன்று சாயங்காலம் பஸ் முழுக்க மனசுக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன், எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

மறுநாள் நவமி. மதியம் மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தால் கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா குவியலைச் சுற்றித் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். இனி யாரிடமும் கேட்பதில்லை என்று பெட்டியை மொத்தமாகத் துடைத்தேன். சுத்தமான கணினியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சரியான ஜாவா, கோடில்லாத பெயர், இடைவெளியில்லாத கோப்புறை. வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. கடைசி வரியும் பச்சையானபோது ஆலையின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. தைமாதத்து மழையா அது, ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டியது.

காலையில் வெயில் வந்தது. முதல் டோக்கன் அக்காவுக்குத்தான் விழுந்தது. எண் ஒன்று. அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எடை மேடைக்கு நடந்தார், நானும் கூடப் போனேன். மேல்நெல் தார்ப்பாய்க்கு அடியில் தப்பியிருந்தது. ஆனால் களம் ஒரு பக்கம் சரிவு. தண்ணீர் அடியில் புகுந்து குவியலில் பாதிவரை ஏறியிருந்தது. எடை போடுகிறவர் குவியலின் நடுவிலிருந்து நெல்லை எடுத்துக் கருவியில் போட்டார். எண் நேராகத் திரைக்குப் போனது. இருபத்தொன்று. சிவப்பில், தேவைகள் பூர்த்தியாகவில்லை.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். நவமியில் துடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

“பதினேழுன்னு அடிச்சு விட்டுரும்மா. நான் பாத்துக்கிறேன்.”

“அடிக்க எடமே இல்ல சார். யாரும் அடிக்கக்கூடாதுன்னுதானே வாங்கினோம்.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“நேத்துக் காலையில போட்டிருந்தா எடுத்திருக்குமா தங்கச்சி?”

“எடுத்திருக்கும்க்கா.”

“உண்மையத்தான் சொல்றியா?”

“பதினஞ்சுகூட இருந்திருக்காதுக்கா.”

“அப்ப என் நெல்லுல ஒண்ணும் கொறை இல்ல” என்றார். அதைக் களத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாத கோபம் அது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

திரும்பக் காயவைக்கலாமே என்றேன். களத்தில் இடம் கிடைக்காது, வெயிலையும் நம்ப முடியாது, அடிநெல் முளைகட்ட ஆரம்பித்துவிடும் என்றார். டிராக்டரைக் கூப்பிட்டு நெல்லை மறுபடி ஏற்றச் சொன்னார். ஆலை வாசலில் ஒரு வியாபாரி காலையிலிருந்தே தன் லாரியோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் திருப்பி அனுப்புகிற நெல்லை வாங்கத்தான் அவர் வருவார். அவருக்கு டோக்கனும் வேண்டாம், ஈரம் பார்க்கிற கருவியும் வேண்டாம். டிராக்டர் வாசலைத் தாண்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா இறங்கிப் போய், மேலாக இருந்த காய்ந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி, பாருங்க என்று அவர் முன் நீட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை. விலையைச் சொல்லிவிட்டு, லாரியின் பின்கதவைத் திறக்கப் போய்விட்டார்.