கேட்டிடம் பேசுகிற தம்பி

என் தம்பியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னா எனக்கு நாக்கு எழாது. கெட்டதா சொல்லச் சொன்னா பொழுது போதாது. அதனால நடந்ததை நடந்தபடி சொல்லிடுறேன். அதுக்கப்புறம் அவனை நல்லவன்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

ஸ்கூல் வேன் ஓட்டுறான். தெருவுல அவனுக்குப் பேரு 'ஹாரன்'. வண்டியில இருக்கிற ஹாரனுக்காக வெச்ச பேரு இல்ல, அவன் தொண்டைக்காக வெச்சது. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே லாரியில கிளீனரா போனவன். பின்னாடி நின்னு "வரலாம், வரலாம்"னு கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை அது. வேலையில மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது, அதுவே எனக்கு ஒரு வயித்தெரிச்சல். பிள்ளைங்களை இறக்கிவிட்டதும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போவான். ஒவ்வொரு சீட்டையும் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியைப் பூட்டுவான். எந்தக் குழந்தையும் தூங்கிப்போய் உள்ளயே கிடந்துடக் கூடாதாம். லீவு நாள்ல சொந்தக் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாலும் தொட்டுப் பாப்பான். அவன் பொண்டாட்டியே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.

வீடு அப்பா கட்டினது. கீழ நானும் என் வீட்டுக்காரரும், மேல அவன் குடும்பம். ஒரே கேட். அப்பா போனதும் மாடிக்கு வெளிப்பக்கமா படி கட்டினான். எங்க கட்டினான் தெரியுமா? நேரா என் ஜன்னலுக்கு முன்னால! நான் துணி தைக்கிறவ. அந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் ஊசியில நூல் கோர்ப்பேன். அந்தப் பக்கம் கட்டுடா, இடம் கிடக்கேன்னு கெஞ்சினேன். "என் படி, என் இஷ்டம்"னான். அன்னையில இருந்து பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தைச்சேன். அன்னையில இருந்து அவனோட பேச்சும் இல்ல.

பேச்சு இல்லைன்னா வீடு அமைதியா இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஜாடைப் பேச்சு எதுக்கு இருக்கு? எனக்கு ஏதாவது சொல்லணும்னா அவன் கேட்டைப் பாத்துச் சொல்லுவான். "ஏ கேட்டு, உன்னைச் சாத்தாம போறவங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" நான் தையல் மெஷினைப் பாத்துச் சொல்லுவேன். "மெஷினே, மேல நடக்கிறாங்களே, அது காலா உலக்கையா?" அவன் குரல் படியில கேட்டதுமே மெஷினை வேகமா மிதிச்சுடுவேன். ஜாடை காதுல விழுந்த மாதிரி காட்டிக்கிட்டா பேசினவன் ஜெயிச்சான்னு அர்த்தம். நான் ஏன் அவனை ஜெயிக்க விடணும்?

என் வீட்டுக்காரர் பெயின்டர். ஊர் சுவரையெல்லாம் பளபளப்பாக்கிட்டு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டு வந்து படுத்துட்டார். ஆக்ஸிஜன் மெஷின் ஓடினாத்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனா கைக்காவலுக்கு ஒரு சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கும். எங்க சண்டையில எந்தப் பக்கமும் சேராத ஒரே மனுஷன் அவர்தான். சேர மனசில்லாம இல்ல, பேச மூச்சு இல்ல.

இந்த வருஷம் வெயில்ல ஊருக்குப் பின்னால இருக்கிற மலைக்காடு பத்திக்கிச்சு. தீ மலைக்கு அந்தப் பக்கம்தானே, நமக்கென்னன்னு எல்லாரும் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு நாள் காலையில காத்து திரும்பிடுச்சு. தீ வீடுங்க பக்கம் இறங்க ஆரம்பிச்சுடுச்சு. நகராட்சி வண்டி மெயின் ரோட்டுல மைக் போட்டுச் சொல்லிட்டுப் போச்சாம். உடனே எல்லாரும் ஸ்கூல் மைதானத்துக்குப் போங்க, கேஸை மூடுங்க, காலி பண்ணின வீட்டு கேட்ல வெள்ளைத் துணி கட்டுங்க, அப்போதான் தேடுறவங்க அந்த வீட்டுல நேரத்தை வீணாக்க மாட்டாங்கன்னு. எனக்கு இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. அப்போ நான் மெஷின்ல உக்காந்து ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

படியில தடதடன்னு சத்தம். "ஏ கேட்டு!"ன்னு அவன் குரல். வந்துட்டான்டா மகராசன்னு மெஷினை மிதிச்சேன். அவன் கத்தினது இதுதானாம்: "ஏ கேட்டு, தீ இறங்கிடுச்சு, எல்லாரும் கிளம்பணுமாம், காது இருக்கிறவங்க கேட்டுக்கட்டும்!" எனக்கு 'கேட்டு' வரைக்கும்தான் விழுந்துச்சு. மிச்சத்தை மெஷின் முழுங்கிடுச்சு. அப்புறம் வேன் கிளம்பிச்சு. வழக்கம்போல ஸ்கூலுக்குப் போறான்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல லைட்டு அணைஞ்சுது. உள்ளே ஆக்ஸிஜன் மெஷின் கீகீன்னு கத்த ஆரம்பிச்சுது. ஓடிப்போய் குழாயைச் சிலிண்டர்ல மாட்டினேன். மூச்சு வந்துச்சு. கதவைத் திறந்தா, ஐயோ, எதிர் வீடு தெரியல! தெரு பூரா புகை. மனுஷ நடமாட்டமே இல்ல. ஒரு நாய்கூட இல்ல.

கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். கேஸை மூடினேன். இருந்த துணியையெல்லாம் பக்கெட் தண்ணியில முக்கி கதவு இடுக்குல திணிச்சேன். அவசர நம்பருக்குப் போட்டா லைன் கிடைக்கல. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில ஒரு பொண்ணு எடுத்தா. விலாசம் சொன்னேன், சிலிண்டர்ல இருக்கிற ஆளுன்னு சொன்னேன்.

"அம்மா, உங்க தெருவைப் பாத்து முடிச்சுட்டாங்களே. எல்லா கேட்லயும் வெள்ளைத் துணி இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க."

"என்ன வெள்ளைத் துணி?"

அவ விளக்கிச் சொன்னா. நான் கதவைத் திறந்து ஓடினேன். எங்க கேட்ல கட்டியிருந்துச்சு. கொடியில நான் காயப்போட்டிருந்த லைனிங் துணி! என் துணியையே எடுத்து, என் வீட்டுல ஆள் இல்லைன்னு கட்டிட்டுப் போயிருக்கா என் தம்பி பொண்டாட்டி. இருந்தது ஒரே கேட். அவளுக்கு அவ வீடு காலி, அவ்வளவுதான் கணக்கு. அவ மட்டும் அப்போ கையில கிடைச்சிருந்தா கிழிச்சிருப்பேன், துணியை இல்ல.

"அதை அவிழ்த்துட்டு கண்ணுல படுற கலர்ல பெருசா ஏதாவது கட்டுங்கம்மா"ன்னா அந்தப் பொண்ணு. "அவரை நடத்திக் கூட்டிட்டு வெளிய வராதீங்க. வண்டியைத் திருப்பச் சொல்றேன். எப்போ வரும்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கே தெரியல." பொய் சொல்லாம சொன்னாளே, அவ நல்லா இருக்கணும்.

திரைச்சீலை சிவப்பு. ஒரு கஸ்டமரோடது. அதையே இழுத்துக் கட்டிட்டு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தேன். சிலிண்டர் மீட்டர்ல முள்ளு இறங்கிக்கிட்டே இருந்துச்சு. அவரும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தார். முள்ளு மேல ஒரு துண்டைப் போட்டு மூடினேன். கண்ணாலயே சிரிச்சார் பாவி மனுஷன்.

அப்போ புகைக்குள்ள ஹாரன் அடிச்சுது. இரண்டு ஹாரனும்.

அங்க மைதானத்துல, வேன்ல ஏத்திட்டுப் போன தெரு ஜனங்களை இறக்கிவிட்டுட்டு, வழக்கம்போல கடைசி சீட்டு வரைக்கும் தொட்டுக்கிட்டே போயிருக்கான். கடைசி சீட்டைத் தொட்டதும்தான் "அக்கா எங்க?"ன்னு கேட்டிருக்கான். "நீங்கதானே சொன்னீங்க"ன்னிருக்கா பொண்டாட்டி. "நான் கேட்டைப் பாத்துத்தான் சொன்னேன்"னு கத்திட்டு வண்டியைத் திருப்பியிருக்கான். போலீஸ் தடுப்புல நிறுத்தினதுக்கு அவன் போட்ட சத்தத்துல போலீஸ்காரரே ஒதுங்கிட்டாராம்.

கதவை உதைச்சுக்கிட்டு உள்ளே வந்தான். மூஞ்சி பூரா கரி. வந்தவன் என்னைப் பாக்கல.

"மாமா, கிளம்புங்க. கூட இருக்கிறவங்களும் கிளம்பலாம்."

எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. "வந்தவர்கிட்ட சொல்லுங்க, சிலிண்டரைக் கீழ போட்டுடாம தூக்கச் சொல்லி."

அவன் அவரைத் தூக்கினான், நான் சிலிண்டரைத் தூக்கினேன். கதவுகிட்டப் போனதும் அவனே சிலிண்டரையும் ஒரு கையில வாங்கிக்கிட்டான். முன் சீட்டுக்குப் பின்னால அவரைப் படுக்க வெச்சு, நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி நகர்ந்துச்சு. கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியல.

"மாமா, இடது பக்கம் சுவர் தெரியுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

"தெரியலைன்னு சொல்லுங்க."

"அப்போ தலையை வெளிய நீட்டிப் பாக்கச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் மாஸ்க்கைக் கையால விலக்கினார். உதடு நீலமா இருந்துச்சு.

"உங்க தபாலுக்கு... என் மூச்சைச் செலவு பண்ணாதீங்க"ன்னார். அவ்வளவுதான் முடிஞ்சுது அவரால.

நான் மாஸ்க்கை அழுத்தி வெச்சுட்டு முன்னாடி தாவினேன். ஜன்னல் வழியா தலையை நீட்டினேன். கண்ணு எரிஞ்சுது. "டேய், நிறுத்து! முன்னால கம்பம் விழுந்து கிடக்கு. வலது பக்கம் ஒடிச்சுத் திருப்பு. இன்னும். இன்னும்டா!"

"சரிக்கா."

"இப்போ நேரா விடு."

"சரிக்கா, சரிக்கா."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நாங்க பேசினது அதுதான்.

மைதானத்துல நர்ஸ் வந்து துண்டை எடுத்துப் பாத்தா. முள்ளு அடியில படுத்துடுச்சு. வேற குழாயை மாட்டி, நெஞ்சை அழுத்தி என்னென்னவோ பண்ணினாங்க. ரொம்ப நேரம் கழிச்சு நெஞ்சு ஏறி இறங்குச்சு. பொழைச்சுக்குவார்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுந்து போய், அத்தனை ஜனத்துக்கு நடுவுல என் தம்பியைப் பளார்னு அறைஞ்சேன்.

"ஊரான் வீட்டுப் பிள்ளையைக் கடைசி சீட்டு வரைக்கும் தேடுறியே, எங்களை மட்டும் அந்த இரும்பு கேட்டுகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டியே! என் கதவைத் தட்ட உனக்குக் கை இல்லையா?"

கன்னத்தைத் தடவிக்கிட்டு நின்னான்.

வீடு எரிஞ்சுபோச்சு. படி மட்டும் முழுசா நிக்குதாம், அவன் ராசி. கூரை இல்லாததால என் தையல் ரூம்ல வெளிச்சத்துக்கு இனிமே பஞ்சமில்ல.

இப்போ ஸ்கூல் ஹால்ல பாய் போட்டுக் கிடக்கோம். எங்களுக்குப் பக்கத்துப் பாய் அவன் குடும்பம், எனக்கு வாய்ச்சது அப்படி. நேத்து மத்தியானம் வெக்கை தாங்கல. இருந்த ஒரே ஃபேன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியிருந்துச்சு. அவன் சுவரைப் பாத்து ஆரம்பிச்சான். "ஏ சுவரே, ஃபேன் காத்து கொஞ்சம் இந்தப் பக்கமும்..."

"யார்கிட்டடா பேசுற?"

ஹால் பூரா திரும்பிப் பாத்துச்சு.

"உன்கிட்டதான்க்கா."

"அப்போ என்னைப் பாத்துச் சொல்லு. அன்னைக்கும் அப்படிச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் உதடு நீலமாகியிருக்காது."

என்னைப் பாத்தான். சொல்ல வாயைத் திறந்தான். முழங்கால்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதான். ஹாரன் அழுதா சத்தமே வராதுங்கிறது எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சது. அழட்டும்னு விட்டுட்டேன். ஃபேனையும் உடனே திருப்பலை. அவன் அழுது முடிச்சு, "அக்கா, ஃபேனைத் திருப்பு"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் திருப்பினேன்.