கத்தரிப்பூ நிறமும் மனிதனின் சுதந்திரமும்

ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்கு இணையதளம் செய்கிறோம். ப்ராஜெக்ட் மேனேஜர் நான்தான். முகப்புக்கு என்ன நிறம் என்று கடை முதலாளி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இன்றைக்கே பதிலோடு வரவேண்டும் என்று ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் போனபோது அவர் குவிந்து கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தனையும் பிரிச்சிப் பாத்துட்டு, வூட்ல கேட்டுகினு வரோம்னு போய்ட்டாங்க சார். ஒரே பேஜாரு."

அனுதாபப்பட்டேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து கத்தரிப்பூ, மாம்பழம், மயில்கழுத்து என்று எல்லா நிறங்களையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாமே நல்லாத்தான் கீது. வூட்ல கேட்டுகினு சொல்றேனே."

எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக பஸ்ஸில் இருத்தலியத் தத்துவம் படித்து வருகிறேன். அதையே எடுத்து விட்டேன்.

"அண்ணே, மனுஷனால முடிவெடுக்காம தப்பிக்கவே முடியாது. முடிவெடுக்காம இருக்கறதும் ஒரு முடிவுதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்டியா? அப்ப நான் முடிவெடுத்துட்டேன்னு எழுதிக்கங்க. சைட்ட ஜல்தியா குடுத்துடுங்க."

இப்போது வேலூர் பஸ்ஸில் இருக்கிறேன். 'வாடிக்கையாளர் முடிவெடுத்துவிட்டார்' என்று ஆபீசுக்கு மெசேஜ் அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா, வேண்டாமா? கண்ணமங்கலம் வருவதற்குள் சொல்லுங்கள்.

எதற்கும் நானும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.