துள்ளும் பந்துக்குத் தாளம் போட்டவள்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த காலம் முழுக்க, ஆய்வுகூட மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் அளவெட்டி என்ற ஊரிலிருந்து வந்தவள்; அளவெட்டிக்காரி என்றே கூப்பிடுவோம். தகப்பன் தவில் வாசிப்பவர். அவளை ஒருவரும் தவிலுக்கு முன் இருத்திப் பழக்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டே அவளுடைய விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் பஸ்ஸில் முன் சீற்றுக் கம்பியில் தட்டிக்கொண்டே வருவாள். வகுப்பிலும் தட்டி ஏச்சு வாங்குவாள்.

ஒருநாள் செய்முறைப் பாடத்தில் ரீச்சர் எங்கள் இருவரிடமும் ஒரு மேசைப்பந்தைத் தந்தார். பந்து நிலத்தில் மோதும் வேகத்தில் ஒரு பங்கோடுதான் திரும்ப எழும்பும். அந்தப் பங்குக்கு மீளமைவுக் குணகம் என்று பெயர். பெயரைப் பாடமாக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான். இப்போது பந்து எழும்பும் உயரங்களை அளந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மீற்றர்ச் சட்டத்தைச் சுவரோடு நிறுத்திப் பந்தை விட்டோம். நான் குந்தியிருந்து பார்த்தேன். உச்சியில் பந்து நிற்பது கண்மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. ஒருமுறை எடுத்த அளவு அடுத்தமுறை வரவில்லை.

"கடைசியிலை சரியான வேகமாத் துள்ளுதடி, எப்பிடி அளக்கிறது?" என்றேன் எரிச்சலோடு.

"வேகமோ? திருப்பி விடு பாப்பம்," என்று சொல்லி அவள் கண்ணை மூடினாள்.

விட்டேன். டக்... டக்.. டக். டக் டக் என்று நெருங்கி, ஒரே இரைச்சலாகி, நின்றது.

"வேகம் கூடேல்லை. துள்ளல் சின்னனாகுது, அதாலை இடைவெளி குறையுது. உது கோபுச்சமடி!"

கோபுச்சம் என்றால் பசுவின் வால். அகலமாகத் தொடங்கி ஒடுங்கி முடிகிற தாளக் கோவைக்கு அப்படிப் பெயராம். அடுத்தமுறை பந்தோடு சேர்ந்து மேசையில் தட்டினாள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகப் போயின. பிறகு அவள் முடித்துவிட்டாள், பந்து முடிக்கவில்லை. முகம் சுருங்கிப்போனது. மறுபடியும் விடச் சொன்னாள். மறுபடியும் பிழையாய்ப் போனது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

திடீரென்று என் கையைப் பிடித்தாள். "கோபுச்சத்திலை நாங்கள் ஒவ்வொருக்காலும் ஒரே அளவைக் கழிக்கிறம். ஏழு, ஆறு, அஞ்சு எண்டு. பந்து அப்பிடிச் செய்யேல்லை. இருக்கிறதிலை ஒரே பங்கைக் கழிக்குது!"

எழும்பும் வேகம் எந்தப் பங்கால் குறைகிறதோ, அடுத்த சத்தம் வரையான நேரமும் அதே பங்கால்தான் குறையும். அதை நான் சமன்பாட்டில் எழுதியிருக்கிறேன். அவள் அதைக் காதால் பிடித்துவிட்டாள்.

இரண்டு பேரும் ரீச்சரிடம் ஓடினோம். "ரீச்சர், உங்கடை போனை ஒருக்காத் தாறியளோ? சத்தத்தைப் பதியவேணும்."

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் தந்தார். பதிந்த சத்தம் திரையில் கூரான முட்களாக வந்தது. முட்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அடிமட்டம் வைத்து அளந்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதால் பிரித்தோம். ஏறக்குறைய ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. ரீச்சர் கணக்கைத் தானும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, மற்ற எல்லாரையும் சட்டத்தை வைத்துவிட்டு வரச் சொன்னார். டெனிஸ் பந்தைப் போட்டுக் கேட்டோம், அது சீக்கிரமே சோர்ந்தது. ஈரக் களிமண் உருண்டை 'தொப்' என்று ஒரேயொரு சொல் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. வகுப்பே சிரித்தது, இந்தமுறை அவளும்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. "ரீச்சர், எப்பவும் ஒரு பங்கு மிஞ்சுமெண்டால் துள்ளல் முடியவே கூடாதே. அப்ப ஏன் நிக்குது?"

ரீச்சர் அந்தக் கேள்வியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். "நல்ல கேள்வி. யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்லுறன்."

சொன்னபடி மறுநாள் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு கீறினார். பாதியில் ஒரு புள்ளி வைத்தார், மிச்சத்தின் பாதியில் இன்னொன்று, அதன் மிச்சத்தில் இன்னொன்று. "இந்தக் கோடுதான் நேரம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு துள்ளல். புள்ளி வைச்சு முடியாது. ஆனா ஒரு புள்ளியும் கோட்டின்ரை முடிவைத் தாண்டாது. உண்மையான பந்து கடைசியிலை நடுங்கி அடங்கியிடும். கணக்கிலை எண்ணில்லாத துள்ளல் இருந்தாலும், எல்லாம் கொஞ்ச நேரத்துக்குள்ளை முடிஞ்சிடும்."

அளவெட்டிக்காரி கேட்காமலே எழுந்து பலகைக்குப் போனாள். புள்ளிகள் நெருங்குகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மணியடித்தும் வரவில்லை.

பரீட்சையில் எனக்குத்தான் கூடப் புள்ளிகள் வந்தன. எங்கள் இரண்டு பேரில் பௌதிகவியல் தெரிந்தவள் யார் என்று கேட்டால், நான் இன்றைக்கும் அவளைத்தான் சொல்வேன்.