மிளகாய்ப் பரணின் பின்கதவு

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலச் சந்தியில் மலைச்சரிவை வெட்டி, அதை ஒட்டிக் கட்டிய கடை அது. முன்னால் கருங்கல் மேடை, பலாமரத் தூண்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி அடைக்கிற பலகைகள். உள்ளே ஏணியில் ஏறினால் மிளகாய் மூட்டை அடுக்கிய பரண். பரணின் பின்கதவைத் திறந்தால் கால் நேராக மேட்டுத் தரையில் படும். மாட்டுவண்டி அங்கேதான் மூட்டை இறக்கும். இப்படியெல்லாம் யோசித்துக் கட்டிய புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கடையைக் கட்டிக் காத்தவள் மீனாம்பாள். ஆம்பிளை இல்லாத கடைதானே என்று இளக்காரம் பேசியவன் எவனும் இரண்டாம் தடவை பேசியதில்லை. நாக்கு அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய ஓர் ஐப்பசி மாலையில் அந்த நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பெரியாயி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஹல்துமுல்லையில் வேலைக்குப் போன புருஷன் படுத்த படுக்கை என்று சேதி வந்தும், தலைக்கங்காணி சின்னராசா அவளை விடவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் பிடித்து மறியல் சிறையில் போடுவார்கள். அவள் ஓடிவந்து காலைப் பிடித்ததும் மீனாம்பாள் பரணில் ஏற்றிவிட்டாள். இருட்டியதும் பின்கதவு வழியே மேடேறிப் போய்விடலாம். மிளகாய் நெடியைத்தான் பாழாய்ப்போன புத்தி நினைக்கவில்லை.

அதற்குள் அவளைத் தேடிக்கொண்டு கங்காணி வந்துவிட்டான். கூட வந்த கையாள் தம்பையாவைப் பின்பக்க மேட்டில் நிறுத்திவிட்டு, தான் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.

"சும்மா உக்காந்துட்டுப் போறேங்க, கடைக்காரம்மா."

பலகையைப் போட்டு அனுப்பலாமென்றால் விளக்கு வைக்கிற நேரம். அந்த வேளையில் கடையை அடைத்து லட்சுமியை யார் வெளியே அனுப்புவார்கள்? அடைத்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

மேலே ஒரு செருமல் கேட்டது.

கங்காணி நிமிர்ந்தான். "பரண்ல யாருங்க?"

மீனாம்பாள் நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். "பூனைதான். கடைக்குக் கண்ணு பட்டிருக்கு கங்காணியாரே, ஒண்ணும் வெளங்கல. சுத்திப் போடப் போறேன், நீங்களும் இருங்க."

சாம்பிராணி போட வைத்திருந்த நெருப்பில் கல்லுப்பையும் இரண்டு கை மிளகாயையும் கொட்டினாள். கடை முழுக்க நெடி. கங்காணி இருமினான், அவளும் இருமினாள், பரணும் இருமியது. எந்த இருமல் யாருடையது என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஓட்டு இடுக்கில் புகை கிளம்பியதைப் பார்த்த தம்பையா, "ஐயோ, கடை பத்திக்கிச்சு!" என்று அலறியபடி முன்பக்கம் ஓடிவந்தான்.

கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். போயிருப்பாளா, பயந்து அங்கேயே சுருண்டு கிடப்பாளா? மீனாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் இறங்கி வந்தான். "பின்கதவு தொறந்து கெடக்கு."

மீனாம்பாளுக்கு மூச்சு வந்தது, நாக்கும் வந்தது. "நெடி போக வேண்டாமா? ஆனா கண்ணு ஒண்ணும் படலைங்க. பட்டிருந்தா இவ்வளவு நெடி ஏறியிருக்குமா?"

கங்காணி இருண்டுவிட்ட மேட்டைப் பார்த்தான், தம்பையாவை இழுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மீனாம்பாள் பின்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள். இனி மேட்டிலிருந்து ஓடி வருகிறவள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே. மிளகாய் மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டு, பரணில் அரிசியை ஏற்றினாள்.