ஊதாத விசில்

எங்கள் வட்டாரக் கால்பந்துச் சங்கம் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் பிறந்து, அங்கேயே வளர்ந்தது. மதியம் தம் உடைக்கிற வாசனை படியேறி வந்துவிட்டால் எந்தத் தீர்மானமும் எதிர்ப்பின்றி நிறைவேறும். என்னை நடுவராக்கியதும் அப்படியொரு மதியத்தில்தான். எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாத இந்தக் கால்களை வைத்துக்கொண்டு நான் வேறென்ன ஆகியிருக்க முடியும்?

டவுன் தோல் வியாபாரிகளும் அகரம், கன்னிவாடிப் பக்கத்து விவசாயிகளும் ஒரே கோப்பைக்கு மல்லுக்கட்டியது அந்தச் சங்கத்தால்தான். பிறகு அதை ஒரு பெரிய சங்கத்தில் கரைத்துவிட முடிவானது. கரைக்கிற கூட்டமும் எங்கள் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

தாடிக்கொம்பு ரோட்டு மைதானம். அகரம் அணித் தலைவர் பூ விவசாயி, விளைந்ததைத் தானே மார்க்கெட்டில் நிறுத்து விற்பவர். முழங்காலில் சவ்வு கிழிந்திருந்தது. இதுதான் கடைசி ஆட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடைவேளையில் டவுன் அணி ஒரு கோல் முன்னால். அப்போது என் போனுக்குச் செய்தி வந்தது, சங்கம் கலைந்துவிட்டதாக.

நான் அந்த நிமிஷமே கறுப்புச் சட்டை போட்டு வேடிக்கை பார்க்க வந்தவன் ஆகிப்போனேன். இரண்டு தலைவர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். டவுன் தலைவர் அதோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் தாடியைத் தடவியபடி பூக்காரரின் முழங்காலைப் பார்த்தார்.

"சங்கமே இல்ல, அப்புறம் எவன் டைம் பாக்கப் போறான்? அண்ணன் கோல் போடுற வரைக்கும் ஆடுவோம்."

"அப்ப விடிஞ்சிரும் பாய்" என்றார் பூக்காரர்.

ஆடினோம். கன்னிவாடி மலைப்பக்கம் வெயில் இறங்கியது. சுண்ணாம்புக் கோடுகள் கரைந்தன. பந்து மண்ணின் நிறமாகி, பிறகு வெறும் சத்தமாகிவிட்டது. எங்கிருந்தோ சம்மங்கி வாசம் வந்தது. ஓடினேனா மிதந்தேனா தெரியவில்லை. தொப்பை மட்டும் எனக்குச் செத்த முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிலோ ஏதோ சிக்கிய சத்தம். டவுன் கோல்கீப்பரே போன் வெளிச்சத்தில் தேடி, வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் காட்டினார். பூக்காரர் நொண்டியபடி கையைத் தூக்கினார்.

ஆட்டத்தை முடிக்க விசிலை வாயில் வைத்தேன். அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊதாத அப்பு. ஊதிட்டா நான் வெறும் பூ யாவாரிதான்."

சங்கம் இருந்திருந்தால் விதி என்று ஏதாவது இருந்திருக்கும். விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கோப்பை யாருக்கும் இல்லாமல் பிரியாணிக் கடைக் கல்லாவுக்கு மேலே நிற்கிறது.

பூ மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர் தராசிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்பார்: "என்ன ரெஃப்ரி, மேட்ச் முடிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே, ஓடிக்கிட்டு இருக்கு."