பள்ளிக்கூடத்துக்கு வந்த பையர்கள்

போன வாரம் பக்கத்துத் தெருவைத் தாண்டும்போது குப்பென்று புதுப் பெயின்ட் வாசனை. முதலில் மூக்கு நின்றது. பிறகுதான் கால் நின்றது.

மற்ற ஊர்களில் பெயின்ட் வாசனை வந்தால் பொங்கல் வருகிறது, இல்லாவிட்டால் கல்யாணம் வருகிறது. திருப்பூரில்? பையர் வருகிறார். பனியனுக்கு ஆர்டர் கொடுக்கும் அந்த வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறும் முன்பே இங்கே கம்பெனிச் சுவர்கள் மினுமினுக்க ஆரம்பித்துவிடும்.

அந்த வாசனை என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் ஒரு பள்ளிக்கூடம். நினைவில்தான்; அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

டில்லியில் ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. கல்வி, அறிவியல், கலாச்சாரம் — மூன்றிலும் நம்மை மற்ற நாடுகளோடு கைகோக்க வைப்பது அதன் வேலை. நம் பள்ளிகளை வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர்த்துவைக்க ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. அதில் சேர விண்ணப்பித்தவர் எங்கள் பகுதிப் பள்ளியின் அறிவியல் டீச்சர் ஜெயராணி. திருநெல்வேலிப் பக்கம். பிழைக்க வந்த குடும்பம். கணவருக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இவருக்கு எட்டாம் வகுப்பு.

விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்தது ஒரு நோட்டைப் பற்றி.

தினமும் காலையில் பிள்ளைகள் நீளக் குச்சியின் நுனியில் ஒரு துண்டு வெள்ளைப் பனியன் துணியைக் கட்டி, சாயக் கழிவு ஓடும் நொய்யல் ஆற்றில் முக்குவார்கள். காயவைத்து, தேதி போட்டு, நோட்டில் ஒட்டுவார்கள். அவ்வளவுதான். திங்கள் சிவப்பு. செவ்வாய் மயில்கழுத்து நீலம். புதன்... அதற்குப் பெயரே இல்லை. ஓர் ஆறு பக்கம் பக்கமாக உடை மாற்றிக்கொண்டு போகிறது. “அடுத்த கோடைக்கு ஜெர்மனில எல்லாரும் ஊதாதான் சார் போடுவாங்க” என்று ஒரு சிறுமி எனக்கு ஜோசியமே சொன்னாள்.

டில்லியிலிருந்து கடிதம் வந்தது. ஆணையத்து அதிகாரி ஒருவர், இரண்டு வெளிநாட்டு ஆசிரியைகளோடு நேரில் வருகிறார். நோட்டைப் பார்த்துத்தான் முடிவு. ஜெயராணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ராமசாமி அண்ணனும் சாப்பிடவில்லை — வேறு காரணம். அவருக்கு பனியன் கம்பெனி உண்டு. ஆற்றோரம் சாயப்பட்டறையும் உண்டு.

“வெள்ளக்காரங்க வர்றாங்கன்னா பையருதானுங்க.”

“அவங்க டீச்சருங்க சார்,” என்றார் ஜெயராணி.

“ஏம்மா, டீச்சருங்க பனியன் போட மாட்டாங்களா?”

நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில் ஏறியது. “பாதிக் கலரு நம்ம பட்டறைலருந்து போனதுங்க. கண்ணுல பட்டா ஆர்டர் போச்சு.”

என்னை அழைத்தது மொழிபெயர்க்க. “நீங்கதான் யாருக்கும் புரியாத மாதிரி எழுதறவராச்சுங்களே... ஏடாகூடமா எதாச்சும் கேட்டா அப்பிடியே சொல்லிப்போடுங்க.”

அந்த நாளும் வந்தது. பெயின்ட் வாசனையில் பள்ளிக்கூடமே மிதந்தது. வகுப்புக்கு வகுப்பு முதலுதவிப் பெட்டி. தரையில் மஞ்சள் கோடு. மாடிப்படியில் தீயணைக்கும் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் மேலாக வாசலில், கம்பெனியிலிருந்து கழற்றி வந்த பலகை, தமிழிலும் ஆங்கிலத்திலும்: ‘இங்கு பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை.’

அதற்கு நேர் கீழே எல்.கே.ஜி. பிள்ளைகள் வரிசையாகக் கைகூப்பி நின்றன.

டில்லியிலிருந்து வந்த அதிகாரி அம்மையார் பலகையைப் படித்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

ஜெர்மன் டீச்சர் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் குனிந்து, இங்கே உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். தமிழில் சொன்னேன். கம்பெனி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மனப்பாடம் அருவி மாதிரி கொட்டியது: “வாரத்துல ஒரு நாள் லீவுங்க. குடிதண்ணி இருக்குதுங்க. யாரும் கட்டாயப்படுத்தி வேல வாங்கறதில்லீங்க.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? இருமினேன்.

கடைசியில் அம்மையார் ஃபைலைத் திறந்தார். “ஆற்று ரெக்கார்டைப் பார்க்கலாமா?”

ஜெயராணி பூட்டிய பீரோவைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனின் கை தானாக இடுப்புக்குப் போனது. எத்தனை வருஷமாக பையர்கள் அனுப்பும் ஆடிட் பழக்கம்... ஃபைலோடு ஒருவர் வந்து நின்று ரெக்கார்ட் என்று கேட்டால் அந்தக் கை மூளையைக் கேட்பதில்லை, எடுத்து நீட்டிவிடும். பீரோ திறந்து, நோட்டு மேஜைக்கு வந்து, “செக் பண்ணிக்குங்க மேடம்” என்று சொல்லி முடித்த பிறகுதான் தன் கையையே முறைத்துப் பார்த்தார்.

பக்கங்கள் புரண்டன. சிவப்பு, நீலம், பச்சை. ஊதாவில் ஜெர்மன் டீச்சர் நிறுத்தினார். தான் போட்டிருந்த டி-ஷர்ட்டின் கையைப் பக்கத்தின் மேல் வைத்தார்.

ஒரே ஊதா.

“இதை எங்கள் ஊர்க் கடையில் வாங்கினேன்,” என்றார். பிறகு மெதுவாக, “அப்படியானால் இந்த நோட்டில் நானும் இருக்கிறேனா?”

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் அவரை மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, “சாயம் போகலீங்க டீச்சர்” என்று தீர்ப்புச் சொன்னாள். ராமசாமி அண்ணனும் கூட்டத்துக்குள் புகுந்து துணியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

“நம்ம ஷேடேதானுங்க.”

பெருமை முதலில் வந்துவிட்டது. வெட்கம் அரை நிமிஷம் கழித்து வந்தது.

சர்வதேச ஒத்துழைப்பு என்றால் கொடி, மாநாடு, கைகுலுக்கல் என்று நினைத்திருந்தேன். ஒரு சட்டைக் கை போதும்போல.

பள்ளி பட்டியலில் சேருகிறது என்று சொல்லி, அங்கேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டார் அம்மையார். ஜெயராணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நோட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

வேன் கிளம்பிப் போனது. வாசலில் நாங்கள் மூவர். ஸ்கூட்டியை எடுத்த ஜெயராணியிடம் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார்.

“ஏனுங்க டீச்சர்... பசங்க எதுக்கு நித்தம் ஆத்தோரம் போகோணும்? நாளைக்கு என்ன சாயம் ஓட்டறோம்னு நானே போன்ல சொல்லிப்போடறனுங்க.”

“வேண்டாம் சார்,” என்றார் ஜெயராணி. “என்னைக்காவது ஒருநா முக்குன துணி வெள்ளையாவே வெளிய வரும்லா... அத எங்க கண்ணால பாக்கணும்.”